மேக் -ஜே: ஆள் கூடினா வேலை குறையுமா?

நாளைக்கு காலைல புராஜெக்ட் ரிவ்யூ. ராத்திரி பதினோரு மணிக்கு ஒரு சி++ பேக்கேஜை பில்டு பண்ண உட்காருறீங்க. 40 நிமிஷம் ஆகுது. லேப்டாப்ல 8 கோர் இருக்கு, ஆனா ஒண்ணுதான் வேலை செய்யுது. எனக்கு நடந்தது இதுதான்.

காரணம் ரொம்ப சிம்பிள். நாம சொல்லலைன்னா, க்னூ மேக் ஒரு நேரத்துல ஒரு வேலையைத்தான் செய்யும். 'மேக் -ஜே4' என்று கொடுத்தால் (சின்ன எழுத்து ஜே) நாலு வேலையை ஒரே நேரத்தில் ஓட்டும்.

கல்யாண சமையலை நினைச்சுப் பாருங்க. காய் நறுக்க பத்து பேர் உட்காரலாம். ஆனா பருப்பு வேகாம யாராலயும் சாம்பார் கூட்ட முடியாது. சோர்ஸ் ஃபைல்களை கம்பைல் செய்வது காய் நறுக்குற மாதிரி. கடைசியில் லிங்க் செய்வது சாம்பார் கூட்டுற மாதிரி.

1967-ல் ஜீன் அம்டால் சொன்ன கருத்தும் இதுதான். 40 நிமிஷத்துல 36 நிமிஷ வேலையைப் பிரிக்கலாம், 4 நிமிஷத்தைப் பிரிக்க முடியாதுன்னு வைங்க. 4 கோர் என்றால் 9 + 4 = 13 நிமிஷம். 8 கோர் என்றால் 4.5 + 4 = 8.5 நிமிஷம். ஆயிரம் கோர் போட்டாலும் 4 நிமிஷத்துக்குக் கீழே போகாது.

இப்போ நான் செய்த இரண்டு தப்பு.

முதலாவது, -ஜே-க்குப் பின்னாடி எண் போடலை. அப்படி விட்டா மேக்குக்கு வரம்பே கிடையாது. முடிஞ்ச வேலையை எல்லாம் ஒரே நேரத்துல தொடங்கிடும். என் 8 ஜிபி ரேம் நிரம்பி, மவுஸ்கூட நகரலை. கோர் எண்ணிக்கையைத் தாண்டாதீங்க. ரேம் கம்மியா இருந்தா அதையும் குறைங்க.

இரண்டாவது, -ஜே4 போட்டதும் 'ஹெடர் ஃபைல் இல்லை'ன்னு எரர். அந்த ஹெடரை ஒரு ஸ்கிரிப்ட் உருவாக்கணும். அது முடிஞ்ச பிறகுதான் கம்பைல் என்று மேக்ஃபைலில் நான் எழுதவே இல்லை. ஒவ்வொண்ணா ஓடும்போது வரிசை தற்செயலா சரியா அமைஞ்சிருக்கு. தப்பு முதல்லயே இருந்தது, -ஜே அதைக் காட்டிக் கொடுத்தது, அவ்வளவுதான். ஹெடரை டிபென்டன்சியா ஒரே வரியில் சேர்த்தேன், சரியாச்சு.

அதனால ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி வரைக்கும் காத்திருக்காதீங்க. இன்னைக்கே 'மேக் கிளீன்' கொடுத்துட்டு, 'மேக் -ஜே4' ஓட்டிப் பாருங்க. உங்க மேக்ஃபைல் உண்மையிலேயே சரியா இருக்கான்னு அப்பதான் தெரியும்.