கப்பலைத் தாங்கும் கரங்கள்

கடல் வாணிபம் தமிழருக்குப் புதிதன்று. கொற்கையிலும் பூம்புகாரிலும் மரக்கலங்கள் வந்து நின்ற காலம் உண்டு. அக்கொற்கைக்கு அருகில், 1974ஆம் ஆண்டில் பெருந்துறைமுகமான தூத்துக்குடிக்கு இன்று பிரம்மாண்டமான நிலக்கரிக் கப்பல்கள் வருகின்றன. இரும்பு மலை போன்ற கப்பல் கான்கிரீட் தளத்தைத் தொடும்போது இரண்டும் சிதையாமல் காப்பது எது? தளத்தின் முகப்பில் வரிசையாகப் பொருத்தியுள்ள ரப்பர் தாங்கிகளே. இவற்றை ‘ஃபெண்டர்’ என்பர். மீன்பிடித் துறைகளில் தொங்கும் பழைய டயர்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஆனால் பெரிய கப்பலுக்கு டயர் போதாது. ஏன் என்பதை நாம் வகுப்பில் படித்த பாடத்தைக் கொண்டே அறியலாம்.

சரக்கோடு 50,000 டன் எடையுள்ள கப்பல் விநாடிக்கு 15 சென்டிமீட்டர் வேகத்தில் தளத்தை நெருங்குவதாகக் கொள்வோம். இது ஆமை வேகந்தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் என்பது நிறையையும் வேகத்தின் வர்க்கத்தையும் பெருக்கி வருவதில் பாதி. கணக்கிட்டால் 5,62,500 ஜூல் வருகிறது. 10 டன் எடையுள்ள பேருந்து மணிக்கு 38 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுவதற்கு இது சமம்! கப்பலின் எடை இரட்டித்தால் ஆற்றலும் இரட்டிக்கும்; வேகம் இரட்டித்தாலோ நான்கு மடங்காகும். பைலட்டும் இழுவைப் படகுகளும் கப்பலை மெல்ல மெல்லக் கொண்டுவருவதன் காரணம் இதுவே.

கப்பலோடு அதன் பக்கத்து நீரும் சேர்ந்து நகர்வதால் அந்த நீரின் நிறையையும் பொறியாளர் கணக்கில் கூட்டுவர். இழுவைக் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்றும் எண்ணிப் பார்த்து, கிடைத்த விடையைக் கப்பலின் வகைக்கேற்ப ஒன்றேகால் முதல் இரண்டு மடங்கு வரை உயர்த்துவர்.

அப்படியானால் மிகக் கெட்டியான ஃபெண்டரே நல்லதா? அன்று. கல்லின்மேல் விழுந்த முட்டை உடைகிறது. வைக்கோலின்மேல் விழுந்தது பிழைக்கிறது. ஃபெண்டர் எவ்வளவு தூரம் அமுங்கிக் கொடுக்கிறதோ அவ்வளவுக்கு விசை குறையும். பெரிய மொத்தச் சரக்குக் கப்பலின் பக்கத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 20 டன் அழுத்தம் வரையே தாங்கும் என்பர். ஃபெண்டர் 100 டன் விசையோடு எதிர்த்துத் தள்ளினால், அதைப் பரப்பிக் கொடுக்க 5 சதுர மீட்டர் பரப்புள்ள இரும்புப் பலகை அதன் முன்னே வேண்டும். கப்பல் ஏறி இறங்கும்போது உராயாதிருக்கப் பலகையின்மேல் வழுவழுப்பான பிளாஸ்டிக் பதிப்பர். பலகை தொங்கிவிடாமல் சங்கிலிகளால் பிணைப்பர்.

இடத்தையும் பார்க்கவேண்டும். தூத்துக்குடியில் கடல் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்கும் குறைவு. குஜராத்தின் காம்பே வளைகுடாவிலோ அது பல மீட்டர். அங்கே பலகை மிக உயரமாக இருக்கவேண்டும். வெப்பத்தில் ரப்பர் இளகி, ஆற்றலைக் குறைவாகவே ஏற்கும். வெயிலில் நாளடைவில் வெடிக்கும். உப்புக் காற்றில் சங்கிலி துருப்பிடிக்கும். ஆகவே விலை மலிவு என்று மட்டும் பார்த்து வாங்குவது விவேகமன்று. தொழிற்சாலையிலேயே அமுக்கிச் சோதித்துப் பார்த்து வாங்கவேண்டும்; பொருத்திய பின்னும் அடிக்கடி பரிசோதிக்கவேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? தளத்தின் விளிம்பில் கயிறு கட்டும் தொழிலாளருக்கே முதல் ஆபத்து. கப்பலின் பக்கம் கிழிந்து எண்ணெய் கசிந்தால் மன்னார் வளைகுடாவின் பவளப்பாறைகளும், அவற்றை அண்டி வாழும் மீன்களும், அம்மீன்களை நம்பி வாழும் குடும்பங்களும் துன்புறும்.

தோழியரே! நம் கடலோர மக்கள் பனிமய மாதாவை வேண்டிக்கொண்டு கடலுக்குச் செல்கின்றனர். அவ்வேண்டுதலோடு கரையில் இருப்போரின் சரியான கணக்கும் சேரட்டும். நாளை நம்முள் ஒருத்தி துறைமுகப் பொறியாளராகி அக்கணக்கைப் போடுவாளாயின், அதுவும் ஒரு சிறந்த பிறர்சேவையே அன்றோ?