ஸ்கேன் சிடி திறக்கவில்லையா?

எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும்போது சில சென்டர்களில் பிலிமுடன் ஒரு சிடியும் தருவார்கள். கம்ப்யூட்டரில் போட்டால் டைகாம்டிர் என்ற பைலும், எக்ஸ்டென்ஷன் இல்லாத பல பைல்களும் தெரியும். டபுள் கிளிக் செய்தாலும் திறக்காது. சிடி கெட்டுவிட்டது என்று எண்ண வேண்டாம்.

இவை டைகாம் பைல்கள். ஒரு கம்பெனி மெஷின் எடுத்த படத்தை இன்னொரு கம்பெனி மெஷினிலும் பார்ப்பதற்காக, அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்களும் கருவித் தயாரிப்பாளர்களும் சேர்ந்து 1985இல் ஒரு பொது முறையை வெளியிட்டனர். 1993இல் அது டைகாம் என்று பெயர் பெற்றது.

படத்துடன் நோயாளியின் பெயர், பிறந்த தேதி, ஸ்கேன் எடுத்த நாள் ஆகியவையும் பைலுக்குள்ளேயே இருக்கும். ஆள் மாறிப் போகாமல் காப்பது இதுதான். ஜேபெக்காக மாற்றினால் இவை போய்விடும். டைகாம் படத்தில் ஆயிரக்கணக்கான சாம்பல் நிற அளவுகள் இருக்கலாம், ஜேபெக்கில் 256தான். எனவே டாக்டரிடம் ஒரிஜினலையே கொடுங்கள்.

பார்ப்பது எப்படி?

1. சிடியில் வியூவர் புரோகிராம் இருந்தால் அதை ரன் செய்யுங்கள். இல்லையெனில் மைக்ரோடைகாம் போன்ற வியூவரை இன்ஸ்டால் செய்யுங்கள்.

2. சிடி முழுவதையும் ஹார்ட் டிஸ்க்கில் காப்பி செய்யுங்கள். பைல் பெயர்களை மாற்றாதீர்கள்.

3. முன்பின் தெரியாதவர்களுக்கு இந்த பைல்களை அனுப்பாதீர்கள். பைலின் பெயரை மாற்றினாலும் உள்ளே உங்கள் பெயர் அப்படியே இருக்கும்.