ஓடர் வந்தால் வியாபாரம் முடிந்துவிட்டதா?

கல்முனைப் பக்கத்தில் இரண்டு வியாபாரிகள் சந்தித்துக் கொண்டால், இப்போதெல்லாம் ஸலாத்துக்கு அடுத்தபடியாகக் கேட்கப்படும் கேள்வி ஒன்றிருக்கிறது. "நீங்களும் ஒன்லைனில போடுறீங்களா?" என்பதே அது. "போடுறோம், நல்லா ஓடர் வருது" என்று பதில் வரும். நானும் சில வருடங்கள் அப்படித்தான் பதில் சொல்லிக் கொண்டிருந்தேன். ஓடர் வருவது வேறு, வியாபாரம் நடப்பது வேறு என்பதை நான் படித்துக் கொள்ள ஒரு பெருநாள் காலம் தேவைப்பட்டது. அந்தப் பாடத்தை இந்த வாரம் உங்களோடு பகிர்ந்து கொள்கிறேன்.

எனது தொழில் மருதமுனையில் கைத்தறிச் சாறன் வியாபாரம். நூலும் சாயமும் நாங்கள் கொடுப்போம். நெசவாளர்கள் தமது வீட்டுத் தறியில் நெய்து தருவார்கள். வாப்பாவின் காலத்தில் சாறன்களைக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, ஊர் ஊராகக் கடைகளுக்குப் போட்டோம். 2017 இன் கடைசியில் எனது மூத்த மகன் பேஸ்புக்கில் கடையின் பெயரில் ஒரு பக்கத்தைத் திறந்து, சாறன்களைப் படம் பிடித்துப் போடத் தொடங்கினார். கடைக்காரரிடம் மாதக்கணக்கில் கடன் நிற்காது, வாங்குபவரே நேரடியாகப் பணம் தருவார் என்பது அவருடைய கணக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது.

பெருநாளுக்கு முன் வந்த கேள்வி

2023 ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்திய வாரங்களில் எமக்கு என்றுமில்லாத அளவு ஓடர் வந்தது. "வாப்பா, இண்டைக்கு மட்டும் பதினேழு" என்று மகன் சொல்லும்போது மனம் குளிர்ந்தது. கடனுக்கு நூல் எடுத்தேன். நெசவாளர்களிடம் கூடுதலாக நெய்யச் சொன்னேன். பொதிகள் எல்லாம் 'கேஷ் ஒன் டிலிவரி' முறையில், அதாவது பொருளைக் கையில் வாங்கும்போது பணம் கொடுக்கும் முறையில், கூரியர் மூலம் போயின.

பெருநாளைக்கு நாலு நாள் இருக்கும்போது எமக்கு நெய்து தரும் ராத்தா ஒருவர் கடைக்கு வந்தார். கூலி பாக்கி இருந்தது. "சாறனெல்லாம் ஏத்தியாச்சு எண்டு மகன் சொன்னாரே தம்பி, அப்ப காசு எங்க?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. கூரியர்காரர் வசூலித்த பணம் இன்னும் எமது கணக்குக்கு வரவில்லை. மறுபக்கம், திரும்பி வந்த பொதிகள் கடையின் மூலையில் குவிந்து கிடந்தன. மச்சானிடம் கைமாற்று வாங்கி அவருடைய கூலியையும் மற்றவர்களுடைய கூலியையும் கொடுத்தேன். முப்பது வருட வியாபாரத்தில் நெய்தவரின் கூலிக்குக் கடன் பட்டது அதுதான் முதல் தடவை.

கொப்பியில் கண்ட கணக்கு

பெருநாள் முடிந்ததும் மகனை அருகில் இருத்திக் கொண்டு கணக்குக் கொப்பியைத் திறந்தேன். நூறு பொதிக்கு எமது கணக்கு இப்படி இருந்தது.

ஒரு சாறனின் விலை 2,000 ரூபா. நூல், சாயம், நெசவுக் கூலி எல்லாம் சேர்த்து அடக்கம் 1,450 ரூபா. உறை, பை ஆகியவற்றுக்கு 40 ரூபா. மிச்சம் 510 ரூபா. கூரியர் கூலி 400 ரூபாவையும் வாங்குபவரே கொடுப்பார். ஆகவே நூறு பொதிக்கு 51,000 ரூபா கிடைக்கும் என்றுதான் நாங்கள் மனக்கணக்குப் போட்டிருந்தோம்.

நடந்தது வேறு. நூறில் எழுபதுதான் கைசேர்ந்தது. அதில் கிடைத்தது 35,700 ரூபா. முப்பது பொதிகள் திரும்பி வந்தன. நாங்கள் பேசிக் கொண்ட ஒப்பந்தப்படி, திரும்பி வரும் பொதிக்கும் 400 ரூபா கூலி எங்கள் தலையில்தான். பையும் வீண். ஒரு பொதிக்கு 440 வீதம் 13,200 ரூபா போனது. எஞ்சியது 22,500. பேஸ்புக் விளம்பரத்துக்குக் கொடுத்தது 12,000. தொலைபேசிச் செலவு 2,500. கடைசியில் கையில் நின்றது 8,000 ரூபா. இதில் மகனுடைய சம்பளம் இல்லை.

இன்னொரு விடயம். திரும்பி வந்த முப்பது சாறன்களின் அடக்கம் மட்டும் 43,500 ரூபா. அந்தப் பணம் வாரக்கணக்கில் ரோட்டிலும் கூரியர் களஞ்சியத்திலும் கிடந்தது. ராத்தாவுடைய கூலி எங்கே போனது என்பதற்கு விடை அங்கேதான் இருந்தது.

பொதி ஏன் திரும்பியது?

திரும்பிய பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, உரியவர்களுக்கு நானே தொலைபேசி எடுத்துக் கேட்டேன். சிலர் ஓடர் கொடுத்ததையே மறந்திருந்தார்கள். இரவு பதினொரு மணிக்குப் படம் பார்த்து, 'வேணும்' என்று எழுதிவிட்டுத் தூங்கியவர்கள் அவர்கள். சிலர் கூரியர்காரர் வந்த நேரம் வீட்டில் இல்லை, கையில் காசில்லை என்றார்கள். பெருநாளுக்குக் கேட்டது பிந்தி வந்ததால் வேண்டாம் என்றார்கள் சிலர். இவையெல்லாம் ஓரளவு எதிர்பார்த்தவைதான்.

ஆனால், கண்டிச் சகோதரர் ஒருவர் சொன்னது என்னைச் சுட்டது. "நானா, போன முறை வாங்கினன். படத்தில இருந்த நீலம் வேற, வந்த நீலம் வேற. அதான் இந்த முறை எடுக்கல்ல" என்றார்.

மகனிடம் விசாரித்தேன். படம் எடுப்பாக இருக்க வேண்டும் என்பதற்காகத் தொலைபேசியிலேயே நிறத்தைக் கூட்டியிருக்கிறார். எல்லோரும் செய்வதுதானே என்றார். நனைந்த தானியத்தைக் குவியலின் அடியில் மறைத்து, உலர்ந்ததை மேலே காட்டிய வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவத்தை அவருக்கு ஞாபகப்படுத்தினேன். ஒன்லைன் வியாபாரத்தில் படம்தான் குவியலின் மேற்பக்கம். கடையில் வாங்குபவர் துணியைத் தடவிப் பார்ப்பார், வாசலில் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். ஒன்லைனில் வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை. அவர் நமது படத்தையும் சொல்லையும் மட்டுமே நம்புகிறார்.

அன்றிலிருந்து படங்களைக் காலை வெளிச்சத்தில் கடை வாசலிலேயே எடுக்கிறோம், நிறத்தில் கை வைப்பதில்லை. நீளமும் அகலமும் அளந்து எழுதுகிறோம். முதல் கழுவலில் சாயம் சற்றுப் போகும், தனியாகக் கழுவுங்கள் என்றும் எழுதுகிறோம். இப்படி எழுதினால் யார் வாங்குவார் என்று மகன் பயந்தார். வாங்குகிறார்கள், திருப்பி அனுப்புவதுதான் குறைந்தது.

விலையையும் படத்தின் கீழேயே எழுதுகிறோம். 'இன்பொக்ஸில் வாருங்கள்' என்று இழுப்பதை வாங்குபவர்கள் விரும்புவதில்லை. ஆனால் விலையோடு திகதியையும் எழுத வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை எட்டியது. நூல் விலை எங்கோ போனது. ஆனால் முந்திய வருடத்துப் படம் பழைய விலையோடு ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்குப் போய்க் கொண்டே இருந்தது. அதைக் காட்டி அதே விலைக்குக் கேட்டவர்களோடு நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

ஸ்லிப்பை நம்பாதீர்கள்

பொதி திரும்புவதற்குப் பயந்து, முன்கூட்டியே வங்கியில் பணம் போடுபவருக்கு விலையில் சிறு கழிவு கொடுத்தோம். அதிலும் ஒரு அடி விழுந்தது. ஒருவர் ஆறு சாறன் கேட்டு, 12,000 ரூபாவுக்குச் சற்றுக் குறைவான தொகைக்கு வங்கி ஸ்லிப்பின் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினார். பெயர், திகதி, தொகை எல்லாம் சரியாக இருந்தது. அன்றே அனுப்பிவிட்டோம். பணம் மட்டும் இன்றுவரை வரவில்லை. ஸ்லிப் போலியானது.

ஸ்லிப் என்பது பணமல்ல, ஒரு படம் மாத்திரமே. கணக்கில் பணம் விழுந்திருக்கிறதா என்பதை நாமே பார்த்த பிறகுதான் பொதியைக் கட்ட வேண்டும். அதேபோல, வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லித் தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. கடையில் தொலைபேசியைத் தொடும் பிள்ளைகள் எல்லோருக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

பக்கம் நமது காணியல்ல

2018 மார்ச்சில் கண்டி மாவட்டத்தில் வன்செயல்கள் நடந்தபோது பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் ஒரு வார அளவில் தடை செய்யப்பட்டன. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலைத் தொடர்ந்து மீண்டும் ஒரு வாரத்துக்கு மேல் தடை. அப்போது ரமழான் நெருங்கிக் கொண்டிருந்தது. அந்த நாட்களில் உயிர் தப்பினால் போதும் என்றிருந்தோம், வியாபாரத்தைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை. ஆனால் பிறகு யோசித்தபோது ஒன்று விளங்கியது. எமது வாடிக்கையாளர்களின் பெயரும் இலக்கமும் பேஸ்புக்கிடம்தான் இருந்தன, எம்மிடம் இருக்கவில்லை.

பக்கம் என்பது பிறருடைய காணியில் போட்ட கொட்டில். காணிக்காரர் கதவைப் பூட்டினால் நாம் வெளியே நிற்க வேண்டும். ஆகவே, வாங்கியவர்களின் பெயர், ஊர், தொலைபேசி இலக்கம், அவர் விரும்பிய நிறம் என்பவற்றை மகள் ஒரு கொப்பியில் எழுதி வருகிறார். அந்தக் கொப்பியும் ஒரு அமானிதம். இன்னொரு வியாபாரி கேட்டாலும் கொடுப்பதில்லை. பக்கத்தின் சாவியும் ஒருவரிடம் மட்டும் இருக்கக் கூடாது. வேலைக்கு நின்ற தம்பி ஒருவர் கட்டாருக்குப் போனதோடு பக்கத்தையும் இழந்த வியாபாரியை எனக்குத் தெரியும்.

இப்போது நாங்கள் செய்வது

ஓடர் வந்தால் மறுநாள் காலையில் தொலைபேசி எடுத்துக் கேட்கிறோம். நிறம், விலை, கூலி, வந்து சேரும் நாள் நான்கையும் வாயால் சொல்லி உறுதிப்படுத்துகிறோம். இரண்டு தரம் எடுத்தும் பதிலில்லாவிட்டால் பொதி போகாது. ஒருமுறை காரணமில்லாமல் திருப்பியவர் அடுத்த முறை முன்பணம் போட வேண்டும். எழுதுபவர்களில் சிங்களச் சகோதரர்களும் நிறையப் பேர். அவர்களுக்கு அவர்களது மொழியிலேயே பதில் சொல்கிறோம்.

இதன் பிறகு நூறு ஓடருக்கு நாங்கள் அனுப்புவது ஏறக்குறைய 82 பொதிதான். அதில் 76 கைசேர்கிறது, ஆறு திரும்புகிறது. அதே விலைக் கணக்கில் பார்த்தால் 38,760 ரூபா வரவு, திரும்பியதில் 2,640 ரூபா நட்டம். பழைய வாடிக்கையாளர்களுக்குக் கொப்பியைப் பார்த்துச் சொல்வதால் விளம்பரச் செலவு 6,000 ரூபாவாகப் பாதியாகிவிட்டது. தொலைபேசிச் செலவு போக 27,620 ரூபா மிஞ்சுகிறது. பொதி குறைந்தது, இலாபம் மூன்று மடங்குக்கு மேல் கூடியது.

சகோதர வியாபாரிகளே, ஒன்லைன் வியாபாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது அடுப்பெரிய வைத்தது அதுதான். ஆனால் இன்றிரவே ஒரு கொப்பியை எடுங்கள். அனுப்பியது, கைசேர்ந்தது, திரும்பியது என்று மூன்று நிரல் போடுங்கள். கடைசி ஐம்பது பொதிகளை அதில் எழுதிப் பாருங்கள். உங்கள் கூரியர் திரும்பும் பொதிக்கு எவ்வளவு அறவிடுகிறார், வசூலித்த பணத்தை எத்தனை நாளில் தருகிறார் என்பதையும் கேட்டு எழுதுங்கள். மூன்றாவது நிரல் நீளமாக இருந்தால், அடுத்த விளம்பரத்துக்குக் காசு கட்டுவதற்கு முன் அதற்கான காரணத்தைத் தேடுங்கள்.

எமது கடையில் இப்போது வியாழக்கிழமை தோறும் முதலில் எடுத்து வைப்பது நெசவுக் கூலியைத்தான். மகன் எத்தனை ஓடர் என்று சொல்வதை விட்டுவிட்டார். எத்தனை பொதிக்குப் பணம் வந்தது என்றுதான் சொல்கிறார்.