குளிரூட்டியின் ஒலிகளும் அவை உணர்த்தும் பழுதுகளும்

ஒலிக்குறிப்புச் சொற்களுக்குத் தமிழில் பஞ்சமில்லை. கடகட, சலசல, களகள என இரட்டித்து வருவனவற்றை இரட்டைக்கிளவி எனக் கொண்டு, தொல்காப்பியர் கிளவியாக்கத்துள் இலக்கணம் வகுத்துள்ளார். இச்சொற்கள் வகுப்பறைக்கு மட்டும் உரியன என்று யாமும் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணத்தை மாற்றியது எம் இல்லத்துக் குளிரூட்டி.

ஒரு கோடை இரவில் அது களகளவென ஒலிக்கத் தொடங்கிற்று. வந்து பார்த்த மெக்கானிக் ஒருவர், கேஸ் குறைந்துவிட்டது என்று கூறி, நிரப்பிப் பணம் பெற்றுச் சென்றார். ஒலி நின்றபாடில்லை. பின்னர் வந்த முதியவர் ஒருவர், "எப்படிச் சத்தம் போடுது?" என்று மட்டும் கேட்டார். யாம் ஒலித்துக் காட்டினோம். அவர் நேரே நீர் வடியும் குழாயைக் கழற்றினார். உள்ளே அழுக்கு கூழாய்த் திரண்டு அடைத்திருந்தது. தேங்கிய நீரினூடே காற்று குமிழியிட்டதே அவ்வொலி. குழாயைக் கழுவியதும் அடங்கிவிட்டது. குளிர்ச்சி சற்றும் குறையாதிருந்தபோதே, கேஸ் குறைவு என்ற கூற்றை யாம் ஐயுற்றிருக்க வேண்டும். கேஸ் என்பது எரிபொருள் போலச் செலவாவதன்று. மூடிய குழாய்களுள் சுற்றிச் சுற்றி வருவது. அது குறைந்ததாயின் எங்கோ கசிவு உண்டு. கசிவை அடைக்காமல் கேஸை நிரப்புவது ஓட்டைக் குடத்தில் நீர் வார்ப்பதை ஒக்கும்.

1902ஆம் ஆண்டில் வில்லிஸ் கேரியர், நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் இருந்த ஓர் அச்சகத்தில் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்த ஒரு பொறியை வகுத்தார். அதன் வழித்தோன்றலே இன்றைய ஏ.சி. நம் வீடுகளில் பெரும்பாலும் இது இரு கூறுகளாக அமைகிறது. உட்கூற்றில் காற்றைத் தள்ளும் புளோயரும் குளிர்ந்த குழாய்ச் சுருளும் உள்ளன. வெளிக்கூற்றில் கம்ப்ரசரும் விசிறியும் உள்ளன. (கம்ப்ரசரை 'அமுக்கி' எனலாம், ஆயின் பழுது பார்க்க வருபவர் விழிப்பார். ஆதலின் பணிமனைச் சொல்லையே ஆள்கின்றோம்.)

ஒலி பிறக்கும் இடத்தை அறிவதே முதற்பணி. குளிர்ச்சியை நிறுத்தி, விசிறி மட்டும் இயங்கும் நிலையில் பொறியை வைத்துக் கேட்க வேண்டும். அப்போதும் உட்கூற்றில் ஒலி நீடித்தால் குறை புளோயரிலோ அதன் மோட்டாரிலோ உள்ளது. ஒலி மறைந்தால் வெளிக்கூற்றையும் கேஸ் ஓடும் குழாய்களையும் நோக்குக.

எல்லா ஒலியும் பழுதன்று. பொறியை நிறுத்தியதும் சிறிது நேரம் உஸ்ஸென்று கேட்பது, குழாய்களின் அழுத்தம் சமநிலை எய்துவதால் ஆவது. வெப்பம் மாறுகையில் பிளாஸ்டிக் மூடி விரிந்து சுருங்குவதால் படக்கென்ற ஓசை எழும். ஸ்டெபிலைசரின் டக்கென்ற ஒலியும் இயல்பானதே.

கடகடவென்பது பெரும்பாலும் தளர்ந்த திருகின் குரல். மூடியைக் கையால் மெல்ல அழுத்தும்போது ஓசை மாறினால் ஐயமில்லை. சன்னலில் பொருத்தும் வகையாயின் மரச்சட்டமே அதிர்வதும் உண்டு. கிறீச்சென்று அழுவது தேய்ந்த பேரிங்; அதனை நாள்கடத்தினால் மோட்டாரே போய்விடும்.

இனி, அஞ்சத்தக்க ஒலி ஒன்று. வெளிக்கூறு உர்ரென்று உறுமிவிட்டு, இயங்காமலே அடங்கும். சில நிமிடங்கள் கழித்து மீண்டும் உறுமும். கம்ப்ரசர் சுழல முயன்று இயலாது சூடேற, காப்பு விசை அதனைத் துண்டிக்கிறது என்பது இதன் பொருள். கெபாசிட்டர் நலிந்திருக்கலாம், அல்லது 230 வோல்ட் வரவேண்டிய மின்னழுத்தம் மிகத் தாழ்ந்திருக்கலாம். கெபாசிட்டர் சிறு விலைப் பொருள். கம்ப்ரசரோ பொறியின் விலையில் பெரும்பங்கை விழுங்குவது. உறுமலைப் பொறுத்துக்கொண்டு பல நாள் இயக்குவோர், முன்னதைக் காக்கப்போய்ப் பின்னதை இழக்கின்றனர். இந்நிலையில் பொறியை உடனே நிறுத்திவிடுதல் வேண்டும். கைத்திறன் மிக்க மாணவர்க்கு ஓர் எச்சரிக்கை: மின்சாரத்தைத் துண்டித்த பின்னும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். அதனைத் தொடுதல் கூடாது. தீய்ந்த நாற்றமும் உடன் எழுந்தால் மெயின் சுவிட்சை அணைப்பதன்றி வேறொன்றும் செய்யற்க.

இயங்கும்போதே புதிதாக உஸ்ஸென்ற ஒலி நீடித்து, குளிர்ச்சியும் குறைந்து, குழாயில் பனி படர்ந்தால் அங்கே கேஸ் கசிவை ஐயுறலாம். எனினும் ஃபில்டரில் தூசு அடைத்தாலும் பனி படரும். ஆகவே முதலில் அதனைக் கழற்றிக் கழுவிப் பார்த்தல் நன்று. பனி படர்ந்த நிலையிலேயே தொடர்ந்து இயக்கினால், ஆவியாகாத திரவம் கம்ப்ரசருள் புகுந்து அதனைச் சிதைக்கவுங்கூடும். கசிவு உண்டா என்பதை மெக்கானிக் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் காண்பார். குமிழி எழும் இடமே கசியும் இடம். பழைய பொறிகளில் வழங்கிய ஆர்-22 தீப்பற்றாதது. புதியனவற்றில் மிகுதியும் காணப்படும் ஆர்-32 ஓரளவு தீப்பற்றக்கூடியது. ஆதலின் கசிவு ஐயம் எழுந்த அறையில் சன்னல்களைத் திறந்துவைத்து, ஊதுவத்தியும் ஏற்றாதிருத்தல் வேண்டும்.