விதைக்கூடை

நுழையும்முன்

பசித்தவருக்கு உணவு அளிப்பது அறம். பசித்தவர் தம் உணவைத் தாமே விளைவித்துக்கொள்ளும் நிலையை உருவாக்குவது நிலைத்த அறம். வறண்ட நிலத்தையும் மரபு விதைகளையும் முதலாகக் கொண்டு, தம் ஊரின் பசியைத் தாமே போக்க முனைந்த உழவர் மகளிரின் உழைப்பை எடுத்துரைக்கிறது இப்பாடம்.

நிலமும் வாழ்வும்

தெலங்கானா மாநிலத்தின் மேற்கு எல்லையில், கர்நாடகத்தை ஒட்டி அமைந்துள்ளது ஜஹீராபாத் பகுதி. முன்னர் மேடக் மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, இப்போது சங்காரெட்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. செம்மண்ணும் கரிசல்மண்ணும் கலந்த மானாவாரி நிலம். மழையை நம்பியே உழவு. இங்குள்ள ஒடுக்கப்பட்ட மக்களுள் பலர் நிலமற்ற கூலிகளாக இருந்தனர். சிலருக்கு அரசு வழங்கிய நிலம் இருந்தது. ஆயினும் அது கல்லும் சரளையும் நிறைந்து, உழுவதற்கு வழியின்றித் தரிசாகக் கிடந்தது.

விதைக்கும் பருவம் வந்தால் விதைக்காகப் பிறர் வாசலில் நிற்க வேண்டும். வாங்கிய விதைக்கு ஈடாகப் பெற்றவரின் வயலில் உழைக்க வேண்டும். பிறர் வயலில் களை எடுத்து முடிப்பதற்குள் தம் வயலின் ஈரம் காய்ந்துவிடும். நிலம் இருந்தும் விளைச்சல் இல்லை. உழைப்பு இருந்தும் உணவு இல்லை.

சங்கத்தின் தோற்றம்

1983ஆம் ஆண்டு டெக்கான் டெவலப்மென்ட் சொசைட்டி என்னும் தன்னார்வத் தொண்டு நிறுவனம் இப்பகுதியில் பணியைத் தொடங்கியது. அதன் துணையுடன் ஊர்தோறும் ஏழை மகளிர் குழுக்களாக இணைந்தனர். அக்குழுக்களை அவர்கள் ‘சங்கம்’ என்றே அழைத்தனர். தமிழ் மாணவர்க்கு நன்கு அறிமுகமான இச்சொல், அங்குப் படிப்பறிவு பெற வாய்ப்பில்லாத பெண்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் அவையைக் குறித்தது.

தனித்து நின்றபோது நிலத்தைக் குத்தகைக்கு எடுக்க இயலாத பெண்கள், சங்கமாகச் சேர்ந்து குத்தகைக்கு எடுத்தனர். கல் பொறுக்கி வரப்பு அமைத்தனர்; தொழுவுரம் சுமந்து கொட்டினர். உழைப்பையும் விளைச்சலையும் பகிர்ந்துகொண்டனர். பிறர் வயலில் கூலிபெற்ற கைகள், ‘இவ்வாண்டு எதை விதைப்பது?’ எனத் தாமே முடிவு செய்யத் தொடங்கின.

ஒரே வயலில் பல பயிர்

இம்மகளிரின் வயலில் ஒரே பயிர் மட்டும் நிற்பதில்லை. செம்மண்ணில் மழைக்காலத்தில் கம்பு, தினை, துவரை, காராமணி, அவரை, எள், புளிச்சை ஆகியன ஒன்றாக வளர்கின்றன. கரிசல்மண்ணில் மழை ஓய்ந்த பின்னர், மண்ணில் தங்கிய ஈரத்தையும் பனியையும் கொண்டே சோளம், கொண்டைக்கடலை, ஆளி, குசும்பா முதலியன விளைகின்றன. பாசனமும் வேதி உரமும் வேண்டாத இப்பயிர்களை அப்பெண்கள் ‘சத்தியப் பயிர்கள்’ என்னும் பொருள்படத் தெலுங்கில் அழைக்கின்றனர். உழவரைக் கைவிடாத பயிர்கள் என்னும் நம்பிக்கை அப்பெயரில் ஒலிக்கிறது.

இக்கலப்புப் பயிர்முறைக்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. பயறுவகைச் செடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் நிலைநிறுத்துகின்றன. துவரையின் வேர் ஆழத்திலுள்ள ஈரத்தைத் தேடிச் செல்கிறது. தினையின் வேர் மேல்மண்ணிலேயே பரவுகிறது. தினை முதலில் அறுவடையாகிறது. துவரை பல மாதங்கள் நின்று பின்னர் விளைகிறது. ஆகவே, ஒரு பயிர் பொய்த்தாலும் மற்றொன்று கைகொடுக்கிறது. தானியம் மக்களுக்கு, தட்டை மாட்டுக்கு, மாட்டின் சாணம் மீண்டும் மண்ணுக்கு எனச் சுழற்சி தொடர்கிறது.

விதைக்காமலே முளைக்கும் தும்பை, பருப்புக்கீரை போன்றவற்றையும் அவர்கள் களை என்று ஒதுக்குவதில்லை. காசின்றிக் கிடைக்கும் அக்கீரைகளே ஏழைக் குடும்பத்தின் ஊட்டச்சத்து. களைக்கொல்லி தெளித்த வயலில் அவை முளைப்பதில்லை என்பதை அப்பெண்கள் நன்கு அறிவர்.

கைம்மாறாத செல்வம்

அறுவடைக்கு முன்பே வயலில் நடந்து, திரண்ட கதிர்களை விதைக்காகத் தேர்ந்தெடுப்பவர் பெண்களே. விதையை நன்கு உலர்த்தி, சாம்பலும் வேப்பிலையும் கலந்து, மூங்கில் கூடையில் இட்டு, மண்ணும் சாணமும் கொண்டு மெழுகி மூடுகின்றனர். பூச்சி அணுகாமல் விதை அடுத்த பருவம்வரை உயிர்ப்புடன் இருக்கிறது.

ஒவ்வோர் ஊரிலும் சங்கம் விதை வங்கியை அமைத்தது. இங்கு விதைக்குப் பணம் இல்லை. விதை பெற்றவர், விளைந்த பின்னர்ப் பெற்றதைவிடக் கூடுதலாக விதையையே திருப்பித் தருகிறார். இவ்வாறு வங்கியும் வளர்கிறது; மறைந்துகொண்டிருந்த வகைகளும் பெருகுகின்றன. விதைக்காகக் கையேந்தி நின்ற பெண்களிடம் பின்னாளில் ஊரின் பிற உழவரும் விதை கேட்டு வந்தனர்.

ஏழை யார்?

பொது வழங்கலில் மலிவு விலை அரிசி கிடைத்ததால் பசி ஓரளவு தணிந்தது. எனினும், சோளமும் தினையும் மதிப்பிழந்தன. அவை விளைந்த நிலங்களும் தரிசாயின. இந்நிலையில், 1990களின் இடைப்பகுதியில் சங்கத்தினர் ஊர்த் தானிய நிதியைத் தொடங்கினர். தரிசைத் திருத்த உழவு, எரு, விதை ஆகியவற்றுக்கு உழவர்க்குக் கடன் வழங்கப்பட்டது. கடனைச் சோளமாகத் திருப்பினால் போதும். அச்சோளம் ஊரிலேயே சேமிக்கப்பட்டு, வேலையற்ற மாதங்களில் ஏழைகளுக்குக் குறைந்த விலையில் கிடைத்தது.

எவருக்கு எவ்வளவு என்பதை யார் முடிவு செய்வது? ஊரார் கூடித் தரையில் ஊரின் படத்தை வரைந்தனர். நிலம், கால்நடை, உழைக்கும் கைகள் ஆகியவற்றை எண்ணி, மிகவும் வறியவர் யார் எனப் பலரறியப் பேசித் தெளிந்தனர். வறுமையை அளக்கும் அளவுகோலையும் வறுமையை அறிந்தவர்களே வகுத்தனர்.

உழத்தியின் குரல்

தம் அறிவைப் பிறர் எழுதட்டும் எனச் சங்க மகளிர் காத்திருக்கவில்லை. எழுதப் படிக்க அறியாத பெண்கள் ஒளிப்படக்கருவியை இயக்கக் கற்று, வேளாண்மை பற்றிய ஆவணப்படங்களை உருவாக்கினர். 2008ஆம் ஆண்டு மாச்சனூர் என்னும் சிற்றூரில் சங்கம் வானொலி தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் பொங்கல் பருவத்தில் விதைகளை மாட்டுவண்டிகளில் ஏற்றி ஊர்ஊராகச் சென்று விழா எடுக்கின்றனர். 2019ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் விருது இவர்களது பணிக்குக் கிடைத்தது.

2023ஆம் ஆண்டை ஐக்கிய நாடுகள் அவை பன்னாட்டுச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ஏழையின் உணவு என இகழப்பட்ட தானியம் நகரத்து அங்காடிகளில் உயர்ந்த விலை பெறுகிறது. விலை உயர்ந்ததால் மட்டும் விதை பிழைப்பதில்லை. எவரும் மதிக்காத காலத்திலும் அதை ஆண்டுதோறும் விதைத்து, உண்டு, கூடையில் மூடி வைத்த கைகளாலேயே அது பிழைத்தது. ஒரு விதை ஓராண்டு விதைக்கப்படாவிட்டால் அதனுடன் சேர்ந்து அதை விதைக்கும் நாள், சமைக்கும் முறை, காக்கும் நுட்பம் ஆகியனவும் மறையத் தொடங்கும். அந்த இழப்பைத் தடுத்து நிறுத்தியது, சாணம் மெழுகிய ஒரு மூங்கில் கூடை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் முன்பு பயிரிடப்பட்டு, இப்போது காணப்படாத பயிர் வகைகளை முதியோரிடம் கேட்டுப் பட்டியலிடுக.

2. விதையைக் காக்க உங்கள் வீட்டில் அல்லது ஊரில் பின்பற்றப்பட்ட முறைகளைத் தொகுத்து வகுப்பறையில் பகிர்க.

3. ‘வறுமையை அளக்கும் அளவுகோலையும் வறுமையை அறிந்தவர்களே வகுத்தனர்’ – இக்கூற்றின் பொருத்தப்பாட்டை விளக்குக.