கடைப் பதிவினால் தேடுபொறியில் முன்னிடம் கிட்டுமா?

சுசீந்திரத்திலிருந்து கன்னியாகுமரி செல்லும் சாலையில், குமரிமுனைக்கு ஏறக்குறைய 6 கிலோமீட்டர் முன்னதாக அமைந்திருப்பது கொட்டாரம். அகஸ்தீஸ்வரம் வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. குமரிமுனையைக் காணச் செல்லும் யாத்திரிகர்கள் ஆண்டு முழுவதும் இவ்வழியே போய்க்கொண்டிருக்கின்றனர். உணவு விடுதி எங்கே, கருப்பட்டி எங்கே கிடைக்கும் என்று அவர்களுள் பலர் இன்று வழிப்போக்கரைக் கேட்பதில்லை, கைபேசியைக் கேட்கின்றனர். கைபேசி கூறாத கடையைச் சாலையோரத்திலேயே இருந்தாலும் கடந்து போய்விடுகின்றனர்.

இந்நிலையைக் கண்ட தரகர் சிலர் சிற்றூர் வணிகர்களை நாடி வருகின்றனர். நூற்றுக்கணக்கான பட்டியல்களில் கடையின் பெயரைப் பதிந்து, கூகுள் தேடலில் முதலிடம் பெற்றுத் தருவதாகக் கூறிப் பணம் கேட்கின்றனர். சிறுகச் சிறுகச் சேமித்த தொகையை ஒரு மகளிர் சுய உதவிக் குழு இதற்குக் கொடுக்கலாமா? பட்டியற் பதிவுக்கும் தேடல் வரிசைக்கும் உள்ள தொடர்பு யாது என்பதை அறிந்தாலன்றி இக்கேள்விக்கு விடை கூற இயலாது.

தேடுபொறி தரும் விடையில் விளம்பரத்தை நீக்கிவிட்டால் இருவகை வரிசைகள் எஞ்சும். ஒன்று, நிலப்படத்துடன் தோன்றும் கடைகளின் சிறு பட்டியல். பெரும்பாலும் மூன்று பெயர்களே முதலில் தென்படும். மற்றொன்று, அதன் கீழோ மேலோ வரும் இணையப் பக்கங்களின் இயல்பான வரிசை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதுவதே குழப்பத்திற்கெல்லாம் மூலகாரணம்.

நிலப்பட வரிசையைத் தாம் அமைக்கும் முறையைக் கூகுள் நிறுவனத்தார் வெளிப்படையாகவே கூறியுள்ளனர். தேடிய சொல்லுக்குக் கடை பொருந்துகிறதா, தேடுவோர் இருக்குமிடத்திலிருந்து எவ்வளவு தொலைவு, அக்கடை எவ்வளவு அறியப்பட்டது என்னும் மூன்றையுமே அவர்கள் பார்க்கின்றனர். பதிவு செய்வதற்குக் கட்டணம் இல்லை. பணம் கொடுத்து இவ்வரிசையில் உயர்வு பெற வழியில்லை என்பதையும் அவர்களே அறிவித்துள்ளனர். தரகரின் வாக்குறுதியில் பாதி இங்கேயே வீழ்ந்துவிடுகிறது.

மற்றப் பாதியோ சற்று நுட்பமானது. இயல்பான வரிசை, பிற பக்கங்கள் ஒரு பக்கத்தைச் சுட்டிக் காட்டுவதைச் சான்றாகக் கொள்வது. 1998-இல் லாரி பேஜ், செர்ஜி பிரின் ஆகிய இருவரும் வெளியிட்ட முறையின் அடிப்படையே இது. ஊரில் பலர் ஒரு தச்சரின் பெயரைச் சொன்னால் அவரிடம் வேலை கொடுப்பது போன்றதே. ஆனால், பணம் கொடுத்தால் எவர் பெயரையும் சேர்த்துக்கொள்ளும் பட்டியல் சொல்லும் சாட்சியத்திற்கு மதிப்பு ஏது? பட்டியல்கள் பலவற்றில் உள்ள சுட்டிகள், சான்றாகக் கொள்ள வேண்டாம் என்ற குறிப்புடனேயே இடப்படுகின்றன. ஆகவே நூறு பட்டியல்களில் பதிவதால் நம் பக்கம் நூறு படி ஏறுவதில்லை.

பயன் அறவே இல்லையென்றும் கூறிவிடலாகாது. ஓர் ஊரின் பெயரையும் தொழிலின் பெயரையும் சேர்த்துத் தேடினால், ஜஸ்ட்டயல் போன்ற பெரிய பட்டியல்களின் பக்கங்களே இயல்பான வரிசையில் முன்னே வருவதைக் காணலாம். அப்பக்கத்தினுள் நம் கடை இருக்குமானால், நம் சொந்தப் பக்கம் பின்தங்கியிருப்பினும் வாடிக்கையாளர் நம்மை வந்தடைவர். இத்தகைய பட்டியல்கள் சிலவே உள்ளன. அவற்றில் அடிப்படைப் பதிவை நாமே செய்துகொள்ளலாம்.

உண்மையில், செல்வாக்கு எதிர்த்திசையிலேயே மிகுதியாகப் பாய்கிறது. இயல்பான வரிசையில் கடையின் இணையப் பக்கம் பெற்றுள்ள இடமும் நிலப்பட வரிசையில் கணக்கிடப்படுகிறது. வல்லுநர்கள் 'புறா' எனப் பெயரிட்டழைக்கும் மாற்றம் 2014 ஜூலையில் முதலில் அமெரிக்காவில் செய்யப்பட்ட பின்னர், இப்பிணைப்பு மேலும் இறுகியது.

கொட்டாரத்திற்கு இதில் தனித் தொல்லை ஒன்றுண்டு. மலையாளத்தில் கொட்டாரம் என்றால் அரண்மனை. 1956 நவம்பர் 1 வரை இப்பகுதி திருவிதாங்கூர் - கொச்சி இராஜ்யத்தைச் சார்ந்திருந்தது. இன்றும் கேரள எல்லை தொலைவில் இல்லை. எனவே ஊர்ப் பெயரை மட்டும் இட்டால் தேடுபொறி நம் ஊரைக் காட்டுமா, அரண்மனைகளைக் காட்டுமா என்பது ஐயமே. ஆங்கில எழுத்திலோ ஒருவர் டகரத்திற்கு ஓரெழுத்து இடுகிறார். மற்றொருவர் இரண்டு இடுகிறார். ஒரே கடை ஓரிடத்தில் கன்னியாகுமரி விலாசத்திலும் வேறிடத்தில் நாகர்கோவில் விலாசத்திலும் பழைய தொலைபேசி எண்ணுடன் நின்றால், அவை ஒரு கடையா, இரண்டா என்று இயந்திரம் மயங்கும். ஊர், வட்டம், மாவட்டம், அஞ்சல் குறியீட்டு எண், தொலைபேசி எண் ஆகியவற்றை எங்கும் ஒரே வடிவில் எழுதுவதே பதிவின் முதற்பணி. (கடையின் பெயருடன் 'சிறந்த', 'மலிவான' முதலிய சொற்களை ஒட்டவைப்பது விதிக்குப் புறம்பு; பதிவு முடக்கப்படவும் கூடும்.)

இனி இரண்டு வாடிக்கையாளரை எண்ணிப் பார்ப்போம். ஒருவர் சுசீந்திரத்தில் வண்டியில் அமர்ந்து, அருகில் பழக்கடை உண்டா என்று தேடுகிறார். தொலைவு இங்கே நமக்குத் துணை. சரியான பதிவே போதும். மற்றவர் சென்னையில் இருந்துகொண்டு மட்டி வாழைப்பழம் வேண்டுமென்று தேடுகிறார். கன்னியாகுமரி மட்டி வாழைப்பழம் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஆதலின் இப்படித் தேடுவோர் வெளியூர்களிலும் இருப்பர். அவருக்கு நம் கடை 700 கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. நிலப்படப் பதிவு அவரிடம் நம்மைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரிது. பழத்தின் தன்மை, கிடைக்கும் பருவம், அனுப்பும் முறை, விலை ஆகியவற்றைத் தெளிவாகக் கூறும் சொந்தப் பக்கம் ஒன்றே அங்கே பேசும். தரகருக்குக் கொடுக்கும் தொகையை இப்பக்கத்திற்குச் செலவிடுவதே தக்கது என்பது என் கருத்து.

அப்பக்கம் நம் உடைமையாக இருப்பதும் அவசியம். கூகுள் நிறுவனம் கடைப் பதிவுடன் இலவசமாக அளித்துவந்த சிறு இணையதளங்களை 2024 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதனையே நம்பியிருந்த சிறு வணிகர்கள் வேறிடம் தேட வேண்டியதாயிற்று.

வாடிக்கையாளர் எழுதும் அபிப்பிராயங்களும் நிலப்பட வரிசையில் இடம்பெறும் ஒரு கூறாகும். அவற்றை விலைக்கு வாங்குவது விலக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிர்ணய அமைவனமும் 2022-இல் இணைய மதிப்புரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தர விதியை வெளியிட்டுள்ளது. பொருள் வாங்கியவரிடம் உள்ளதை எழுதுமாறு கேட்பதில் பிழையில்லை. குறை கூறியவருக்கும் மரியாதையாக விடை எழுத வேண்டும்.

பதிவு செய்த பின், கடைக்காரர் தம் கைபேசியிலேயே தேடிப் பார்த்துத் தம் கடை முதலில் வந்தது கண்டு மகிழ்வதுண்டு. கடைக்குள் நின்று தேடினால் கடைதான் மிக அருகில் உள்ளது, அது சோதனையாகாது. நாகர்கோவிலில் உள்ள உறவினர் ஒருவரையும் சென்னையில் உள்ள ஒருவரையும், கடையின் பெயரை இடாமல் பொருளின் பெயரை மட்டும் இட்டுத் தேடச் சொல்லி, கண்டதைக் குறித்து வைத்து, மூன்று திங்கள் கழித்து மீண்டும் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.