நாலு மணிக்கு மேல் வரும் குழந்தைகள்

அன்புள்ள தங்கைக்கு,

குழந்தைகளுக்கான உளவியலாளராக உன்னை இரண்டு இடங்களில் கூப்பிட்டிருக்கிறார்கள், எதற்குப் போகலாம் என்று கேட்டிருக்கிறாய். சம்பளத்தை எழுதியிருக்கிறாய். வேலை நேரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

நம் நேரத்தைத் தீர்மானிப்பது பள்ளிக்கூட மணி. தனியார் தெரபி சென்டர் என்றால் மாலை நாலு முதல் எட்டு வரைக்கும், சனி ஞாயிறும்தான் கூட்டம். காலையில் இன்னும் பள்ளிக்குப் போகாத சின்னஞ்சிறுசுகள், மூன்று வயதாகியும் பேச்சு வராதவர்கள் வருவார்கள். ஞாயிறு வேலை என்றால் அதற்கு ஈடாக எந்தக் கிழமை விடுமுறை என்று முதல் சந்திப்பிலேயே கேள். 'பார்த்துக்கலாம் மேடம்' என்றால் நம்பாதே, எழுதி வாங்கு.

இதைவிடப் பெரிய தலைவலி, யார் கணக்கிலும் வராத நேரம். பினே-காமத் நுண்ணறிவுச் சோதனைக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பிள்ளை மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டால் இன்னொரு நாள் வரச் சொல்ல வேண்டும். வைன்லேண்ட் அளவுகோலுக்காக அம்மாவிடம் தனியாகப் பேச வேண்டும். பிறகு மதிப்பெண் போட்டு, வகுப்பு ஆசிரியரிடம் போனில் விசாரித்து, ரிப்போர்ட் எழுத வேண்டும். சென்டரின் நோட்டில் இவ்வளவும் சேர்ந்து 'ஒரு அசெஸ்மென்ட்'. எழுதுகிற வேலை உன்னோடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிடும். கற்றல் குறைபாடு உள்ள பிள்ளைக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது அந்த ரிப்போர்ட்டைத்தான் முதலில் புரட்டுவார்கள். ராத்திரி பதினோரு மணித் தூக்கக் கலக்கத்தில் எழுதுகிற காகிதமா அது? அதனால் ஒரு நாளைக்கு எத்தனை குழந்தைகள் என்பதோடு நிறுத்தாதே, எழுத எத்தனை மணி நேரம் ஒதுக்குவீர்கள் என்றும் கேள். என்னைக் கேட்டால் நாளைக்கு ஐந்து பேர்தான், மிஞ்சிப்போனால் ஆறு. ஏழாவது குழந்தையோடு தரையில் உட்காரும்போது முட்டியும் குரலும் மட்டுமல்ல, பொறுமையும் போயிருக்கும்.

சம்பளத்துக்குப் பதிலாகக் கட்டணத்தில் பங்கு தருவார்கள். 60க்கு 40 என்பது போல. பெரிதாகத் தெரியும். பிள்ளைக்குக் காய்ச்சல், மழைக்கு லீவு, முழுப் பரீட்சை என்று ஏதாவது வந்தால் அன்றைக்கு உனக்குக் காசில்லை. அடிப்படைச் சம்பளம் ஒன்றைப் பேசிக்கொண்டு, பங்கை அதற்கு மேல் வை.

பள்ளி கவுன்சிலர் வேலையில் நாலு மணிக்கு வீடு திரும்பலாம், அது பெரிய சுகம். ஆனால் ஆசிரியர் வராத வகுப்புக்கும் தேர்வு மேற்பார்வைக்கும் உன்னைத்தான் அனுப்புவார்கள். மூன்றாவது பீரியடில் நீ அதட்டி உட்காரவைத்த பையன் நாலாவது பீரியடில் உன்னிடம் எப்படி மனம் திறப்பான்? கதவு சாத்தக்கூடிய அறையும் பூட்டக்கூடிய அலமாரியும் உண்டா என்று பார். நூலக மூலையில் ஒரு நாற்காலியைக் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வா. தலைமை ஆசிரியர் 'அந்தப் பொண்ணு என்ன சொன்னா?' என்று கேட்கும்போது எவ்வளவு சொல்வாய், எதைச் சொல்ல மாட்டாய் என்பதையும் சேரும்போதே பேசிக்கொள்.

கையெழுத்து விஷயத்தில் கண்டிப்பாக இரு. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் (ஆர்.சி.ஐ.) பதிவு வரும் முன் உன்னைச் சோதனை செய்யவைத்து, பிள்ளையைப் பார்க்காத ஒருவர் கையெழுத்துப் போடும் இடங்கள் இருக்கின்றன. அங்கே ஒரு மாதம்கூட இருக்காதே. போக்சோ சட்ட விஷயத்திலும் அதே கண்டிப்பு வேண்டும். 2012ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் 19ஆம் பிரிவு, ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்லும் கடமையை உன் தலையிலும் வைக்கிறது. சொல்லாமல் விட்டால் 6 மாதம் வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். 'நிர்வாகம் பார்த்துக்கொள்ளும்' என்பது உன்னைக் காப்பாற்றாது. சாட்சி சொல்ல நீதிமன்றத்துக்குப் போகும் நாள் பணி நாளா, உன் சொந்த விடுப்பா என்று ஒப்பந்தத்தில் தேடிப் பார், பெரும்பாலும் இருக்காது. நீயே எழுதச் சொல்.

பெற்றோருக்கு உன் சொந்த எண்ணைக் கொடுக்காதே. இரவு பத்துக்கு மேல் 'மேடம், இன்னைக்கும் சாப்பிடல' என்று வாட்ஸ்அப் வரும். பாவமாகத்தான் இருக்கும், பதில் போட்டால் மறுநாளும் வரும். அவசரம் என்றால் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416, குழந்தைகளுக்கான உதவி எண் 1098 இருக்கின்றன. முதல் சந்திப்பிலேயே இரண்டையும் தாளில் எழுதிக் கொடு.

வாரம் ஒரு மணி நேரமாவது மூத்தவர் ஒருவரோடு உட்கார்ந்து உன் கேஸ்களைப் பேசும் வசதி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடு. அதற்காகச் சம்பளம் இரண்டாயிரம் குறைந்தாலும் பரவாயில்லை.

ஊருக்குப் போவதை மே மாதத்தில் வைத்துக்கொள்ளாதே. பொதுத்தேர்வு முடிவு வரும், பெரிய லீவில் பிள்ளையைக் காட்டிவிடலாம் என்று வெளியூர்க்காரர்களும் வருவார்கள். ஜூனில் பள்ளி திறந்ததும் கொஞ்சம் ஓயும். காலாண்டுத் தேர்வுத் தாள் கைக்கு வரும்வரை அப்படித்தான் இருக்கும், அதற்குள் போய்விட்டு வா.

அன்புடன்,
அக்கா